சனிக்கிழமை இரவின் மதிப்பெண்

சித்திரை மாதத்தில் காங்கேயம் பக்கத்திலிருந்து திருப்பூர் வழியாக அவிநாசி வரை பயணம் செய்தால், கொங்கு நாட்டு நோம்பிகள் வழிநெடுக எதிர்ப்படும். கிழக்கே ஓலப்பாளையத்தை ஒட்டிக் கண்ணபுரம். மாரியம்மன் கோயில் தேரோடு சேர்ந்து கூடும் அந்த மாட்டுச் சந்தைக்கு மயிலையும் செவலையும் காரியுமாகக் காங்கேயம் மாடுகள் வந்து நிற்கும். மேற்கே அவிநாசி. முதலை விழுங்கிய பிள்ளையைச் சுந்தரர் பதிகம் பாடி மீட்டதாகச் சொல்லப்படும் அந்தத் தலத்தின் தேர், தமிழகத்தின் பெரிய தேர்களில் ஒன்று. இரண்டுக்கும் நடுவே, 2024-25இல் ஏறத்தாழ 40,000 கோடி ரூபாய்க்குப் பின்னலாடை ஏற்றுமதி செய்த திருப்பூர். தேர்க்கடை வீதி, பொருட்காட்சித் திடல், பனியன் கம்பெனி வாசலில் நிற்கும் தள்ளுவண்டி வரிசை என்று இந்த வழி முழுவதும் தின்பண்டம்தான். ஒவ்வோர் ஆண்டும் அதில் ஒன்றிரண்டு புதிதாக இருக்கும். புதிய பண்டத்தைப் பார்த்தவுடன் ஒரு வாய் கடித்து, கேமரா முன் கண்ணை உருட்டி, பத்துக்கு இத்தனை என்று சொல்லிவிடுவது இப்போது வழக்கமாகியிருக்கிறது. இந்த வழியில் பயணம் செய்து பார்த்தால் அந்த மதிப்பெண் எவ்வளவு அவசரமானது என்று விளங்கும். திருவிழாப் பண்டத்துக்கு மதிப்பெண் போட வேண்டிய இடம் திருவிழாத் திடலே அல்ல. திடலை விட்டு வெளியேறி, சாதாரண நாளில், சம்பளத்தை எண்ணிச் செலவழிப்பவர் முன் அது வந்து நிற்கும் இடம்தான்.

தேர்க்கடை என்றால் ஒரு காலத்தில் பொரி, கடலை, பேரீச்சை, அல்வா, சவ்வு மிட்டாய். வீட்டில் அன்றாடம் வாங்காதவை, வாங்கினால் நாலு நாள் கெடாமல் இருப்பவை. ஊர் திரும்பிய பிறகு அக்கம்பக்கத்துக்குப் பங்கு கொடுக்க வேண்டியிருந்ததால் அவை அப்படித்தான் இருந்தாக வேண்டும். இன்றைய திடல் பண்டம் நின்ற இடத்திலேயே சூடாகத் தின்று தீர்ப்பதற்கானது. சென்னைத் தீவுத்திடலிலும் மதுரைத் தமுக்கத்திலும் புகழ்பெற்ற டெல்லி அப்பளம் இங்கும் உண்டு. முகத்தை மறைக்கும் அகலத்தில் பொரித்து, மேலே மிளகாய்ப்பொடி தூவித் தருவார்கள். மிளகாய் பஜ்ஜி, காலிஃபிளவர் வறுவல், குச்சியில் சுருள்சுருளாகச் செருகிப் பொரித்த உருளைக்கிழங்கு, பஞ்சு மிட்டாய், இப்போது மோமோ என்று வரிசை நீள்கிறது. உலகெங்கும் இதுதான் நடக்கிறது. அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத் திருவிழாவில் 2005 முதல் புதிய பண்டங்களுக்குப் போட்டி வைத்துப் பரிசு தருகிறார்கள். வெண்ணெயை மாவில் தோய்த்துப் பொரித்த பண்டம் 2009இலும், பீரை மாவுக்குள் அடைத்துப் பொரித்தது 2010இலும் புதுமைக்கான பரிசை வென்றன. அங்கே சுவைக்குத் தனிப் பரிசு, புதுமைக்குத் தனிப் பரிசு. வியப்பும் சுவையும் வேறுவேறு என்பதை அந்த ஏற்பாடு ஒப்புக்கொள்கிறது, அதைப் பாராட்ட வேண்டும். ஆனாலும் இரண்டு வகைப் பரிசும் திருவிழாவை முன்னிட்டே முடிவாகிவிடுகின்றன. அந்தப் பண்டத்தை அடுத்த மாதமும் காசு கொடுத்து யாராவது தேடுவார்களா என்ற கேள்விக்கு அங்கே இடம் இல்லை.

திருப்பூர்க்காரருக்கு இந்தக் குறை உடனே பிடிபடும். அவருடைய தொழிலே தரம் பார்ப்பதுதான். வெளிநாட்டு பையர் முதலில் சாம்பிள் கேட்பார். கைதேர்ந்த டெய்லர் ஒருவர் அவசரமில்லாமல் உட்கார்ந்து தைத்த அந்த ஒரு பீஸ் அழகாகத்தான் இருக்கும். அதை வைத்து ஆர்டர் கிடைக்கலாம், ஆனால் கம்பெனியின் பெயர் நிலைப்பது புரொடக்ஷனில்தான். ஆயிரக்கணக்கில் ஓடும்போது ஓவர்லாக் தையல் விடுகிறதா, துணியின் எடை (ஜிஎஸ்எம்) குறைகிறதா, துவைத்தால் சுருங்குகிறதா, சாயம் போகிறதா என்றெல்லாம் செக்கிங் மேசையில் பார்ப்பார்கள். ஒரு லாட்டில் இத்தனை பீஸ் எடுத்துப் பார்த்து, குறை இத்தனைக்கு மேல் போனால் லாட்டே நின்றுவிடும். கழித்துவிட்டது காதர்பேட்டைக்குப் போய் செகண்ட்ஸாக விலைபோகும். சாம்பிளைப் பார்த்து மட்டும் யாரும் பணம் அனுப்புவதில்லை. திருவிழாவில் கடிக்கும் முதல் வாய் அந்தச் சாம்பிள்தான். எண்ணெய் அன்று காலை ஊற்றியது, கூட்டத்தில் பண்டம் ஆறுவதற்குள் விற்றுவிடும், தின்பவரும் கொண்டாட்ட மனநிலையில் இருப்பார். இத்தனை சாதகங்களோடு ஒரு பண்டம் நன்றாக இருப்பதில் பெருமை ஏதும் இல்லை.

அப்படியானால் புரொடக்ஷனை எங்கே பார்ப்பது? சனிக்கிழமை இரவில். திருப்பூரில் பெரும்பாலும் வாரச் சம்பளம், பட்டுவாடா சனிக்கிழமை. ஒன்றரை ஷிப்ட் முடிந்து இரவு எட்டரை, ஒன்பதுக்கு ஆட்கள் வெளியே வரும்போது சாலையோர வண்டிகளின் விளக்குகள் எல்லாம் எரிந்துகொண்டிருக்கும். அந்த வரிசையில் தவறாமல் நிற்பது காளான் வண்டி. கோவை, திருப்பூர் வட்டாரத்தை விட்டு வெளியே போனால் இந்தப் பண்டத்துக்கு இவ்வளவு மவுசு கிடையாது என்பதால், அது தயாராவதைக் கொஞ்சம் அருகில் நின்று பார்க்கலாம். பொடியாக அரிந்த முட்டைக்கோஸில் கொஞ்சம் காளான், மைதா, சோள மாவு, மிளகாய்த்தூள், உப்பு சேர்த்துப் பிசைந்து பக்கோடாவாகப் பொரித்து ஒரு தாம்பாளத்தில் குவித்திருப்பார்கள். அகலமான இரும்புக் கல்லின் ஓரத்தில் சிவந்த மசாலாக் குழம்பு கொதித்துக்கொண்டிருக்கும். ஆள் வந்து நின்றதும் ஒரு கை பக்கோடாவைக் கல்லின் நடுவில் போட்டு, குழம்பை இழுத்து ஊற்றி, தோசைக் கரண்டியின் விளிம்பால் டக்டக்கென்று கொத்துவார். பாதி நொறுங்கிக் கூழாகும், பாதி முறுகலாகவே நிற்கும். பதம் அங்கேதான் இருக்கிறது. முழுக்க ஊறினால் களி, ஊறாவிட்டால் வெறும் பக்கோடா. தட்டில் வழித்துப் போட்டு, மேலே பச்சை வெங்காயம், கொத்தமல்லி, நொறுக்கிய சோளப்பொரி தூவி, கேட்டால் எலுமிச்சையும் பிழிந்து தருவார். சூடு, காரம், மொறுமொறுப்பு, குழைவு நான்கும் ஒரே கரண்டியில் வரும். பத்து மணி நேரத்துக்கு மேல் நின்றும் குனிந்தும் வேலை பார்த்த உடம்பு எதைக் கேட்குமோ அதை அது கொடுக்கிறது. நீலகிரி முட்டைக்கோஸ் மேட்டுப்பாளையம் மண்டி வழியாகச் சமவெளிக்கு இறங்கும் வட்டாரத்தில் இந்தப் பண்டம் பிடித்து வளர்ந்ததில் வியப்பு இல்லை. கையெட்டும் தூரத்துக் காய், கையெட்டும் விலை. மும்பையில் 1970களில் பிறந்ததாகச் சொல்லப்படும் மஞ்சூரியனின் தூரத்து உறவு இது என்றாலும், இந்த மண்ணில் இது வேறு பண்டமாகவே ஆகிவிட்டது.

காளான் என்று விற்றுவிட்டு முட்டைக்கோஸைக் கொடுப்பது ஏமாற்றல்லவா என்று கேட்பவர்கள் உண்டு. பாக்கெட்டில் அடைத்து, காளான் படம் போட்டு விற்றால் அது ஏமாற்றுதான், சட்டப்படி குற்றமும்கூட. வண்டியில் நிலைமை வேறு. கோஸ் அரிவதும் பிசைவதும் பொரிப்பதும் வாங்குபவர் கண்முன்னே நடக்கின்றன, அவருக்கும் அதில் என்ன இருக்கிறதென்று தெரியும். காளானே இல்லாத வண்டிக்காரர் கேட்டால் இல்லையென்று சொல்ல வேண்டும், அவ்வளவுதான் நியாயம். இதைவிடக் கனமான ஆட்சேபம் ஒன்று இருக்கிறது. மலிவாக இருப்பதால்தானே தொழிலாளி தின்கிறார், வேறு வழியில்லாதவர் தின்பதை வைத்துச் சுவைக்கு மதிப்பெண் போடலாமா என்பது. இதில் உண்மை பாதிதான். சனிக்கிழமை இரவில் அவர் முன்னால் இருப்பது ஒரு வண்டி மட்டுமல்ல. பரோட்டா, தட்டுவடை செட், சில்லி சிக்கன், பானிபூரி, பஜ்ஜி என்று ஏறக்குறைய ஒரே விலையில் பல வண்டிகள் நிற்கின்றன. கோழிக்கறி இங்கே எட்டாக்கனியும் அல்ல. பல்லடம் பிராய்லர் கோழித் தொழிலின் தலைவாசல், அங்குள்ள ஒருங்கிணைப்புக் குழு அறிவிக்கும் விலையைத்தான் பண்ணைகள் அன்றாடம் பார்க்கின்றன. 1984இல் உடுமலையில் தொடங்கிய சுகுணா நிறுவனம் ஒப்பந்தக் கோழி வளர்ப்பைப் பரப்பிய பகுதியும் இதுதான். அப்படிக் கோழி மலிந்த ஊரில் ஒருவர் கோஸ் பக்கோடாவைத் தேர்ந்தெடுத்தால், அதை வறுமையின் கணக்கில் மட்டும் எழுதிவிட முடியாது. குறைந்த காசை வைத்திருப்பவர்தான் அதிகக் கவனத்தோடு தேர்வு செய்கிறார். ஒரு தட்டு வீணானால் அவருக்கு அது நட்டம். ஓசியில் சாப்பிட்டு மதிப்பெண் போடுபவருக்கு அந்த நட்டமே கிடையாது.

இந்த ஊரின் நாக்கு ஒரே ஊரின் நாக்கும் அல்ல. தென்மாவட்டங்களிலிருந்து வந்தவர்கள் ஒரு தலைமுறைக்கு மேலாக இங்கே இருக்கிறார்கள். பிறகு ஒடிசா, பீகார், ஜார்க்கண்ட், மேற்கு வங்கம், அசாம் என்று ஆட்கள் வந்தார்கள். அவர்களோடு பானிபூரி வந்தது, மோமோ வந்தது, சில தெருக்களில் லிட்டி கூட வந்தது. கவனிக்க வேண்டியது, பானிபூரி வண்டியைச் சுற்றி நிற்பவர்களில் தமிழ்ப் பெண்கள் நிறைய, காளான் வண்டியில் இந்தி கேட்கிறது. தேனிக்காரருக்கும் கொங்குக்காரருக்கும் பாட்னாக்காரருக்கும் ஒரே பண்டம் பிடிக்கிறது என்றால், ஊர்ப் பாசம், பழக்கம், பெருமை எல்லாவற்றையும் கழித்துவிட்டு மிஞ்சுவது அதன் சுவைதான். எந்தப் போட்டி நடுவர் குழுவிலும் இவ்வளவு வேறுபட்ட வாய்களை ஒன்றாக உட்கார வைக்க முடியாது.

ஆனால் இந்தச் சனிக்கிழமை நடுவர்களால் கண்டுபிடிக்க முடியாத ஒன்று இருக்கிறது, அதைத் தாண்டிக்கொண்டு போக முடியாது. நஞ்சு நாக்குக்குத் தெரியாது. 2024 பிப்ரவரியில் பஞ்சு மிட்டாயில் ரோடமின்-பி இருப்பது ஆய்வில் தெரிந்ததும் புதுச்சேரியும் தமிழகமும் அதன் விற்பனைக்குத் தடை விதித்தன. அடுத்த மாதம் கர்நாடகம் கோபி மஞ்சூரியனில் செயற்கை நிறம் சேர்ப்பதைத் தடை செய்தது. ரோடமின்-பி துணிக்கும் காகிதத்துக்கும் போடும் சாயம். சாயத்தைப் பற்றித் திருப்பூருக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. 1990களில் ஜெர்மனி சில அசோ சாயங்களைத் தடை செய்தபோது இந்த ஊர் தன் சாயத் தொட்டிகளை மாற்றிக்கொண்டது. நொய்யலைக் கெடுத்ததற்காக 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்ற உத்தரவால் சாயப்பட்டறைகள் மூடப்பட்டபோது ஊரே திகைத்து நின்றது, கழிவுநீரைத் துளியும் வெளியே விடாத சுத்திகரிப்புக்கு அதன் பிறகுதான் வழி பிறந்தது. இன்றும் ஐரோப்பாவில் ஒரு குழந்தை போடப்போகும் பனியனின் சாயத்துக்குப் பரிசோதனைச் சான்று இல்லாமல் பெட்டி கப்பல் ஏறாது. அந்தக் குழந்தையின் தோலில் படுவதற்கு இத்தனை காவல். அந்தப் பனியனைத் தைத்தவரின் குழந்தை தேர்க்கடையில் தின்ற மிட்டாயில், வயிற்றுக்குள் போகும் பொருளில், அதைவிடக் கொடிய சாயம் யாரும் கேட்காமல் இருந்திருக்கிறது. இதை ஏற்றுக்கொள்ளவே முடியாது. எண்ணெயும் இப்படித்தான். திரும்பத் திரும்பக் காய்ச்சும் எண்ணெயில் சேரும் கழிவுச் சேர்மங்கள் 25 சதவீதத்தைத் தாண்டினால் அதைப் பயன்படுத்தக் கூடாது என்ற விதி 2018 ஜூலை முதல் நடைமுறையில் இருக்கிறது. அதை நின்ற இடத்திலேயே அளக்கக் கையடக்கக் கருவிகளும் உண்டு. மோமோவுக்குத் தொட்டுக்கொள்ளக் கொடுக்கும் மயோனைஸில் பச்சை முட்டை சேர்ப்பதற்குத் தமிழக அரசு 2025 ஏப்ரலில் ஓராண்டுத் தடை விதித்தது. இவை எவற்றையும் தின்பவரின் நாக்கு கண்டுபிடிக்காது. ஆகவே சுவையை நாக்குக்கு விடலாம், நஞ்சை ஆய்வகம்தான் பார்க்க வேண்டும். ஒன்றின் வேலையை மற்றொன்றிடம் கொடுத்தால் இரண்டும் கெடும்.

இந்த ஆபத்தைக் காரணம் காட்டி, புதுப் பண்டங்களே வேண்டாம், நம் கம்பும் சோளமும் சந்தகையும் போதும் என்று சொல்பவர்களின் அக்கறையை மதிக்கிறேன், முடிவை ஏற்கவில்லை. ஊத்துக்குளி வெண்ணெயும் காங்கேயத்துத் தேங்காய் எண்ணெயும் இருக்கும் வட்டாரத்தில் அவற்றை மறந்துவிட வேண்டும் என்று யாரும் சொல்ல முடியாது. ஆனால் கொங்குச் சமையலை இன்று மணக்க வைக்கும் மிளகாயே கடல் கடந்து வந்த புதுச்சரக்குதான், தக்காளியும் அப்படித்தான். அவற்றை ஒரு திருவிழாவில் சுவைத்து யாரும் மதிப்பெண் போட்டு ஏற்கவில்லை. அன்றாட அடுப்பில் பல தலைமுறை நின்று காட்டி இடம் பிடித்தவை. பழம்பண்டங்கள் பின்தங்கியதற்குப் புதுமை மோகத்தைப் பழி சொல்வதும் சரியில்லை. சந்தகை பிழிய வீட்டில் ஆளும் நேரமும் வேண்டும், ஒன்றரை ஷிப்ட் முடித்து வருபவரிடம் இரண்டும் இல்லை. அரசுப் பொருட்காட்சிகளில் மகளிர் சுயஉதவிக் குழுக்கள் கம்பங்கூழும் ராகிப் பண்டங்களும் வைக்கின்றன, பார்ப்பவர்கள் பாராட்டுகிறார்கள். பாராட்டு திடலோடு முடிந்துவிடுகிறது, ஏனென்றால் இரவு ஒன்பது மணிக்குக் கம்பெனி வாசலில் அவற்றோடு யாரும் நிற்பதில்லை. சூடான சந்தகையும் தேங்காய்ப் பாலும் வைத்துக்கொண்டு காளான் வண்டிக்குப் பக்கத்தில் ஒரு வண்டி நிற்கட்டும். அது தோற்கும் என்று நான் நினைக்கவில்லை.

இந்த அளவுகோலை வைத்து வரிசையைப் பார்த்தால் தீர்ப்பு திடலில் கிடைப்பதிலிருந்து வெகுவாக மாறுகிறது. டெல்லி அப்பளம் வியப்பில் முதலிடம், ஆனால் திடலுக்கு வெளியே அதற்குப் பெரிதாக வாழ்வில்லை. அதனால் குறையில்லை, ஆண்டுக்கு ஒருமுறை குழந்தையின் கையில் இருந்தால் போதும். சுருள் உருளைக்கிழங்கும் அப்படியே. கொடுத்த காசில் பாதி பார்வைக்கே போகிறது, பண்டத்துக்கு அல்ல. பஞ்சு மிட்டாயை நிறமில்லாமல் வெள்ளையாகச் சுற்றிக் கொடுத்தால் அதற்குப் பழைய மரியாதை உண்டு. மோமோ இன்னும் தேர்வு எழுதிக்கொண்டிருக்கிறது. ஆவியில் வேகும் பண்டம் என்ற நல்ல தொடக்கம் அதற்கு இருக்கிறது, தொட்டுக்கொள்ளக் கொடுப்பதைத் திருத்தினால் தேறிவிடும். வாயிலிருந்து புகை வருவதைக் காட்டி விற்ற ஸ்மோக் பிஸ்கட்டுக்கு எந்த மதிப்பெண்ணும் கிடையாது. கர்நாடகத்தில் ஒரு பொருட்காட்சியில் அதைத் தின்ற சிறுவன் துடித்த காட்சி 2024 ஏப்ரலில் நாடெங்கும் பரவியது, தமிழக உணவுப் பாதுகாப்புத் துறையும் எச்சரிக்கை விடுத்தது. பண்டமாக அது வெறும் பிஸ்கட், புகையை எடுத்துவிட்டால் யாரும் வாங்க மாட்டார்கள். வியப்பை மட்டும் வைத்து மதிப்பிடுவது எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு வேறு சான்று தேவையில்லை. நிறப்பொடி போடாமல், எண்ணெயை மாற்றிக்கொண்டே பொரிக்கும் வண்டியில் கிடைக்கும் காளானுக்கே முதலிடம் தருகிறேன். மசாலாவின் இயல்பான செந்நிறமே அதற்குப் போதும்.

அவிநாசித் தேருக்கும் கண்ணபுரம் சந்தைக்கும் திரளும் கூட்டத்துக்காக மாவட்ட நிர்வாகம் குடிநீர் வண்டியும் ஆம்புலன்சும் நிறுத்துகிறது. கூடவே எண்ணெயை அளக்கும் கருவியோடும் நிறத்தைச் சோதிக்கும் வசதியோடும் ஒரு வாகனத்தையும் நிறுத்த வேண்டும், முடிவை ஒவ்வொரு கடை முன்னும் எழுதி ஒட்ட வேண்டும். தரம் பார்த்தே பிழைக்கும் ஊருக்கு இது பெரிய செலவல்ல. அதுவரை, தட்டில் இருப்பதன் நிறம் மிரட்டுகிறது, எண்ணெய் கறுத்துக் குழம்பாகிவிட்டது என்று தோன்றினால் வாங்காதீர்கள், ஒரு படம் எடுத்து அனுப்புங்கள். தமிழக உணவுப் பாதுகாப்புத் துறையின் வாட்ஸ்அப் புகார் எண் 94440 42322.